ஐவர் இருந்தும் ஆறாவது

(திண்டிவனத்தில் கூடிய வாசகர் கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேசப் போகும் விஷயம் யாரும் நமக்குக் கொடுத்த தலைப்பல்ல. விழுப்புரத்தில் நாம் செய்த ஒரு தப்பிதத்துக்குப் பரிகாரமாக நாமே எடுத்துக் கொண்டதாகும். போன கூட்டத்தில், பெண் விடுதலையைப் பற்றி வழக்கம்போல் இரண்டு மணி நேரம் முழங்கிவிட்டு, சந்தேகங்களை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டோம். வந்த சீட்டுகளில் ஒன்று பெயர் போடாமல் வந்திருந்தது. அதில் எழுதியிருந்ததாவது:

"என் புருஷன் நல்லவர். அவரிடத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் வேலை செய்யும் இடத்தில் ஒருவரோடு பத்து நிமிஷம் பேசினால் அன்றைக்கெல்லாம் மனம் நிறைந்திருக்கிறது. அவரைத் தொட வேண்டுமென்று எனக்கு ஆசை இல்லை. அவர் இரண்டு நாள் வராவிட்டால் சோறு இறங்குவதில்லை. இதற்குப் பெயர் என்ன? நான் கெட்டவளா?"

நாம் இதை உரக்கப் படித்தோம். பின் வரிசையில் சில ஆண் தோழர்கள் சிரித்தார்கள். நாமும் அந்தச் சிரிப்பில் கலந்து கொண்டு, "நட்பு என்று வைத்துக் கொண்டு நிம்மதியாய் இருங்கள் அம்மா" என்று சொல்லி அடுத்த சீட்டைப் பிரித்தோம். கைதட்டும் கிடைத்தது. இரவு விழுப்புரம் சந்திப்பில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, கூட வந்த ஒரு வயதான அம்மையார், "அந்தப் பெண் கேட்டது பெயரைத்தானே? நீங்கள் கொடுத்தது வாயை மூட ஒரு துணியல்லவா?" என்று கேட்டார். நமக்குப் பதில் தோன்றவில்லை. விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று வண்டி நின்று நின்று இங்கே வந்து சேரும் வரையில் நாம் அதையே நினைத்துக் கொண்டு வந்தோம். மயிலத்தைத் தாண்டும்போது இன்னொன்றும் தோன்றிற்று. அந்தக் குன்றின் மேல் இருக்கிற சுவாமிக்கு வள்ளி ஒருத்தி, தெய்வயானை ஒருத்தி. இரண்டு பக்கமும் இரண்டு பெண்டாட்டியை வைத்துக் கொண்டு நிற்கும் படம் நம் ஊர்க் கடைகளிலெல்லாம் நாட்காட்டியில் தொங்குகிறது. அவரை ஒருவரும் "நீ கெட்டவனா?" என்று கேட்டதில்லை. அவரும் சீட்டு எழுதி யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆகவே அந்தச் சீட்டுக்கு இன்று ஒழுங்காகப் பதில் சொல்ல முயற்சிக்கின்றோம்.

முதலில், ஒன்றுக்கு மேற்பட்டவர்களிடம் ஒருவருக்கு மனம் செல்வது என்பது மேல்நாட்டுச் சரக்கு, நம் நாட்டுப் பெண்களுக்கு அது தெரியாது என்று சொல்லும் பண்டிதர்களுக்கு ஒரு வார்த்தை. வில்லிபுத்தூரார் பாரதம் பாடினவர். அவர் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூர்க்காரர். திருமுனைப்பாடி நாடு என்பது வேறெங்கோ அல்ல; திருவெண்ணெய்நல்லூரும் திருக்கோவலூரும் அடங்கிய இந்தச் சுற்றுப்புறந்தான். அவருடைய பாரதத்தில், ஆரணிய பருவத்தில், பழம் பொருந்து சருக்கம் என்று ஒன்று இருக்கின்றது. காட்டில் ஒரு முனிவருக்கென்று இருந்த நெல்லிக்கனியை, திரௌபதி கேட்டாள் என்று அர்ச்சுனன் பறித்து விடுகிறான். முனிவர் சாபத்துக்குப் பயந்து கண்ணனை அழைக்கிறார்கள். அவன், அவரவர் மனத்தில் இருக்கும் உண்மையை ஒளிக்காமல் சொன்னால் கனி மறுபடி மரத்தில் போய்ப் பொருந்தும் என்கிறான். ஐந்து பேரும் சொல்லுகிறார்கள். கடைசியில் திரௌபதி முறை. அவள் சொல்லுவது என்ன? ஐந்து புருஷர்கள் எனக்கு இருந்தும் இன்னும் ஒருவனை நினைத்து என் மனம் உருகுகிறது என்பதுதான். கனி போய் ஒட்டிக் கொள்கிறது!

தோழர்களே! கனி ஒட்டுமா, ஒட்டாதா என்பதை நாம் விவாதிக்க வரவில்லை. ஒட்டாது என்று சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். ஆனால் சுமார் 600 வருஷங்களுக்கு முன்னால் இந்த மண்ணில் இருந்த ஒரு வைதீகக் கவிக்கு, ஐந்து பேரைக் கட்டியவளுக்கும் ஆறாவது ஒருவன்மேல் மனம் போகும் என்பதும், அதைச் சொல்லுவது உண்மை பேசுவது என்பதும் தெரிந்திருக்கின்றது. புருஷர் ஐவரும் கூட நின்று கேட்டிருக்கிறார்கள். இன்றைக்கு நம் ஊரில் ஒரு பெண், ஒரே ஒரு புருஷன் முன்னால் நின்று இதைச் சொன்னால் கனி ஒட்டுமா, மண்டை உடையுமா என்று கேட்கின்றோம்.

ஆனால் கவி அத்துடன் நிற்கவில்லை. அவள் வாயைக் கொண்டே பெண் ஜாதி முழுவதையும் நம்பக் கூடாது என்று சொல்ல வைத்து விடுகிறார். ஒரு பெண் தன் மனத்தை உண்மையாய்ச் சொன்னதற்கு உலகத்துப் பெண்கள் எல்லோருக்கும் அபராதம்! அர்ச்சுனன் விஷயத்தில் இப்படி ஒரு அபராதம் உண்டா? சுபத்திரை, உலூபி, சித்திராங்கதை, நம் ஊர்க் கதைகளில் அல்லி, பவளக்கொடி என்று அவன் போகும் இடமெல்லாம் ஒரு கலியாணம். அதற்குக் காரணம் சொல்ல யாருக்கும் அவசியம் ஏற்படவில்லை. திரௌபதிக்கு ஐவர் வந்ததற்கு மாத்திரம் குந்தி தெரியாமல் சொல்லிவிட்டாள் என்றும், போன ஜன்மத்தில் புருஷன் வேண்டுமென்று ஐந்து தரம் கேட்டுவிட்டாள் என்றும் காரணங்கள் தேட வேண்டியிருந்தது. ஆண் ஆசைப்பட்டால் இயற்கை, பெண் ஆசைப்பட்டால் கைப்பிசகு!

நம் இலக்கணமும் அப்படித்தான். பரத்தையிற் பிரிவு என்று ஆணுக்கு ஒரு பிரிவு உண்டு. பெண்ணுக்கு அதற்குப் பதிலாக ஊடல் உண்டு. கதவை அடைத்துக் கொண்டு கொஞ்சநேரம் கோபித்துக் கொள்ளலாம். பிறகு திறந்துவிட வேண்டும்.

இனி, சீட்டில் கேட்ட கேள்விக்கு வருவோம். "தொட ஆசை இல்லை, ஆனால் சோறு இறங்கவில்லை." இது என்ன? நம் ஜனங்களுக்கு ஆண் பெண் விஷயத்தில் இரண்டே பெயர்தான் தெரியும். ஒன்று கலியாணம், மற்றொன்று கள்ள உறவு. இவை இரண்டிலும் அடங்காதது எதுவும் இருக்கக்கூடாது என்று நினைக்கிறார்கள். நாமும் அன்று மேடையில் மூன்றாவதாக நட்பு என்று ஒரு பெட்டியைத் திறந்து அவளை அதில் போட்டுப் பூட்டினோம். நம் இயக்கத்தில் "பெண் ஏன் அடிமையானாள்?" என்ற புத்தகத்தில் காதல் என்ற பகுதியைப் படிக்காதவர் இல்லை. அன்பு, ஆசை, நட்பு இவற்றைத் தவிர காதல் என்று தெய்வீகமாய்த் தனியாக ஒன்றும் கிடையாது என்பது அதன் சாரம். காதல் என்ற பெயரால் ஒருவரை ஒருவர் ஆயுள் முழுவதும் கட்டிப்போடும் மோசடியை உடைக்க அது வேண்டியிருந்தது. ஆனால் நம்மில் பலர் அந்த மூன்றையும் கூட ஒன்றாக்கி, எல்லாம் கடைசியில் காமந்தான் என்று முடித்து விடுகிறோம். இது வைதீகன் செய்வதற்கு மறுபுறமே ஒழிய வேறல்ல.

மனிதனுக்கு மனிதன்மேல் ஏற்படும் இழுப்பு பலவிதம். கூத்து மேடையில் வேஷம் கட்டி நிற்கிறவனின் அழகை விடிய விடியப் பார்த்துக் கொண்டிருக்கிறோம். அவனை வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டுமென்றா பார்க்கிறோம்? கண்ணுக்கு அது போதுமாயிருக்கிறது. ஒருவர் மடியில் தலை வைத்துப் படுத்தால், ஒருவர் முதுகைத் தடவிக் கொடுத்தால் போதும், அதற்குமேல் வேண்டாம் என்றிருப்பவர்களும் உண்டு. ஒருவருடைய புத்தியை, பேச்சை விரும்புகிறோம். அவர் என்ன சொல்வார் என்று தெரிந்து கொள்ளாமல் ஒரு புத்தகத்தைப் படித்த திருப்தியே வருவதில்லை. சீட்டு எழுதிய சகோதரிக்கு இருப்பது பெரும்பாலும் இதுவாயிருக்கலாம். பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் ஒருவரையொருவர் பார்த்துப் பழகாமலே நட்புக் கொண்டார்கள், சோழன் வடக்கிருந்தான் என்பதற்காகப் பிசிராந்தையாரும் வந்து வடக்கிருந்து உயிர்விட்டார் என்று புறநானூற்றைக் கொண்டு பெருமை பேசுகிறோமே, அந்த இழுப்புக்கு உடம்பு எங்கே இருந்தது? அவர்களில் ஒருவர் பெண்ணாயிருந்து, அவளுக்கு வீட்டில் ஒரு புருஷனும் இருந்திருந்தால், நம் புலவர்கள் இந்தக் கதையைப் பாடத்தில் வைத்திருப்பார்களா?

உடம்பே வேண்டாமல் அன்பு மாத்திரம் வேண்டுமென்று இருக்கிறவர்களும், அன்பு வேண்டாமல் உடம்பு மாத்திரம் வேண்டுமென்று இருக்கிறவர்களும் இருக்கிறார்கள். முன்னவர்களை வியாதிக்காரர் என்பதும் பின்னவர்களைப் பாவிகள் என்பதும் நம் வழக்கம். ஆராய்ந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை. 1978-ல் அமெரிக்காவில் பிரிட்ஸ் கிளைன் என்ற வைத்தியர், ஒருவருக்கு உடம்பு யார்மேல் செல்கிறது, மனம் யார்மேல் செல்கிறது, யாரோடு பழகப் பிடிக்கிறது என்பவை தனித்தனிக் கேள்விகள், மூன்றுக்கும் ஒரே பதில் இருக்க வேண்டியதில்லை என்று காட்டினார். 1998-ல் ஹெலன் பிஷர் என்ற அம்மையார், காமம், மையல், கூடி வாழும் பற்று ஆகிய மூன்றுக்கும் மூளையில் வேறு வேறு வேலைகள் நடக்கின்றன என்று எழுதினார். ஒருவரிடம் பற்றும், இன்னொருவரிடம் மையலும் ஒரே சமயத்தில் இருக்கலாம் என்பது இதிலிருந்து வருகிறது.

இந்த மையலைப் பற்றி மாத்திரம் கொஞ்சம் எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. டாரதி டென்னவ் என்ற அம்மையார் இதற்கென்று லிமரன்ஸ் என்று ஒரு புதுப் பெயரே வைத்தார். வேண்டாமென்றாலும் நினைப்பு ஓயாமல் வருவது, அவர் ஒரு சொல் சொன்னால் மேலே போவது, சொல்லாவிட்டால் பாதாளத்தில் விழுவது, அவருடைய குற்றங்கூடக் குணமாய்த் தெரிவது எல்லாம் இதன் அடையாளங்கள். சோறு இறங்கவில்லை என்று எழுதினதைப் பார்த்தால் இதிலும் ஒரு பங்கு இருக்கலாம். இது பாவமும் அல்ல, தெய்வ சங்கற்பமும் அல்ல. பெரும்பாலும் காலத்தில் தானே தணிவது. இதை நம்பி இருக்கிற வீட்டை இடிக்கிறவனும் அவசரக்காரன்; இது வந்துவிட்டதே என்று மருந்தைக் குடிக்கிறவளும் அவசரக்காரி.

இவையெல்லாவற்றையும் ஒரே ஆளிடத்தில், அதுவும் இருபது வயதில் யாரோ பொருத்தம் பார்த்துக் கொடுத்த ஆளிடத்தில், சாகும்வரை வாங்கிக் கொள்ள வேண்டும் என்பது எப்படியிருக்கிறதென்றால், உப்பு, புடவை, மருந்து, மாடு எல்லாம் ஒரே கடையில்தான் வாங்க வேண்டும், அந்தக் கடையில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று நினைத்துக் கொள்ள வேண்டும் என்பது போலிருக்கிறது. ஒரே கடையில் எல்லாம் கிடைத்துத் திருப்தியாய் இருப்பவர்கள் இருக்கட்டும். அவர்களை நாம் கலைக்க வரவில்லை. கிடைக்காதவர்களைப் பற்றித்தான் பேச்சு.

இப்போது, எல்லோருக்கும் தெரிந்து, எல்லோரும் சம்மதித்து, ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்டவர்களோடு உறவு வைத்துக் கொண்டு வாழும் முறை உலகத்தில் பல இடங்களில் பேசப்படுகிறது. அவர்களிடத்தில் நாம் கற்றுக் கொள்ளக்கூடியது ஒன்று உண்டு. ஒளிக்காமல் வாழ வேண்டியிருப்பதால், இன்னாரிடம் எனக்கு வேண்டியது இன்னது என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். இதனால் அதிகம் பேர் கவனியாத சில உணர்ச்சிகளுக்கு அவர்கள் பெயர் கண்டிருக்கிறார்கள். நமக்கு ஆச்சரியமாயிருந்தது ஒன்று. தனக்கு வேண்டியவர் வேறொருவரிடம் சந்தோஷமாயிருப்பதைக் கண்டு தனக்கு உண்டாகும் சந்தோஷம். பொறாமைக்கு நேர் எதிர். சான் பிரான்சிஸ்கோவில் 1971 முதல் 1991 வரை கெரிஸ்டா என்று கூடி வாழ்ந்த ஒரு கூட்டத்தார் இதற்குக் கம்பர்ஷன் என்று பெயரிட்டார்கள். தமிழில் சக்களத்திச் சண்டைக்கு நூறு பழமொழி இருக்கிறது. ஆனால் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் விரும்பி, ஒருத்தி பிள்ளையை ஒருத்தி வளர்த்து, புருஷன் செத்த பிறகும் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டதை நம்மில் சிலரேனும் கண்ணால் பார்த்திருக்கிறோம். அந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த அன்புக்கு நாம் பெயர் வைக்கவில்லை. சண்டை போட்டால்தான் நமக்குக் கதை.

இந்த இடத்தில் வைதீகர் ஒருவர் எழுந்து, "இதைத்தானே ஐயா நாங்கள் நளாயினியைக் கொண்டு சொல்லிக் கொடுத்தோம்?" என்று கேட்கக்கூடும். குஷ்டரோகியான புருஷனைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்து தாசி வீட்டுக்குக் கொண்டு போனாளாம். அந்த நளாயினிதான் மறு ஜன்மத்தில் திரௌபதியாய்ப் பிறந்தாளாம். தோழர்களே! இது வேறு, அது வேறு. நளாயினிக்கு அந்தக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போக சுதந்திரம் இருந்ததா? அவளுக்கு வேறொருவன்மேல் மனம் சென்றால் அந்த ரோகி அவளைத் தூக்கிக் கொண்டு போவானா? போவான் என்றால் அது சந்தோஷம். இல்லையென்றால் அது சுமை கூலி, அதுவும் கூலியில்லாத சுமை. மாட்டேன் என்று சொல்ல முடியாதவளுடைய சரி என்ற வார்த்தைக்குச் சம்மதம் என்று பெயரில்லை. புருஷன் போடுகிற சோற்றைத் தவிர வேறு வழியில்லாத பெண், "நீங்கள் இன்னொருத்தியை வைத்துக் கொள்ளுங்கள், எனக்குச் சந்தோஷம்" என்று சொன்னால், நாம் அதை நம்ப மாட்டோம். ஆகவே நம்மூர்ப் பெரிய மனிதர்கள் சின்ன வீடு வைத்திருப்பதற்கு இந்தக் கூட்டத்தில் நற்சாட்சிப் பத்திரம் கிடைக்காது என்பதைத் தெரிவித்துக் கொள்ளுகிறோம். பின் வரிசையில் சிரித்த தோழர்கள் இதையும் குறித்துக் கொள்ளலாம்.

சட்டம் இதை எப்படிப் பார்த்ததென்றும் கொஞ்சம் பார்ப்போம். இந்துக்களில் ஆண் எத்தனை கலியாணமும் செய்து கொள்ளலாம் என்பதைச் சென்னை மாகாணம் 1949-லும், இந்தியா முழுவதற்கும் 1955-லும் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். அது பெண்ணுக்கு நன்மையே. ஆனால் 1860-ல் வெள்ளைக்காரன் போட்ட தண்டனைச் சட்டம் 497-வது பிரிவு இருந்ததே, அதன் அழகைப் பாருங்கள். பிறன் மனைவியோடு சேர்ந்தவன் குற்றவாளி. ஆனால் அவள் புருஷன் சம்மதித்திருந்தால் குற்றமில்லை! பெண்ணின் சம்மதத்தைப் பற்றிப் பேச்சே கிடையாது. அடுத்தவன் வயலில் மாடு மேய்த்ததற்கு வயல்காரன் அனுமதி வாங்கினாயா என்று கேட்பது போல. 2018 செப்டம்பரில்தான் உச்சநீதிமன்றம் இதைச் செல்லாது என்றது. 158 வருஷம் அவள் வயலாயிருந்தாள்.

பிள்ளைகள் கதி என்ன என்று கேட்பார்கள். நீலகிரியில் தோடர்களைப் பற்றி ரிவர்ஸ் என்பவர் 1906-ல் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அங்கே அண்ணன் தம்பிகள் எல்லோருக்கும் ஒரே மனைவி இருக்கும் வழக்கம் இருந்தது. புருஷர்களைத் தவிர, எல்லோரும் அறிய அவளுக்கு வேறொரு நேசனும் இருக்கலாம். பிள்ளைக்குத் தகப்பன் யார் என்பதைப் பெற்ற விதத்தைக் கொண்டு அவர்கள் முடிவு செய்யவில்லை. அவள் கர்ப்பமாயிருக்கும்போது வில்லும் அம்பும் செய்து அவள் கையில் கொடுப்பவன்தான் தகப்பன். பிள்ளைக்குத் தகப்பன் இல்லாமல் போகவில்லை. உலகமும் மூழ்கிப் போகவில்லை. ஆனால் தோடர் நாடு சொர்க்கம் என்று நாம் சொல்ல வரவில்லை. பால்மந்தைக் கோயில்களில் பெண்ணுக்கு இடமில்லை. பெண் சிசுக்களைக் கொல்லும் கொடுமையும் முன்காலத்தில் அங்கே இருந்தது. பல புருஷர் இருப்பதாலேயே பெண் விடுதலையடைந்து விடுவதில்லை என்பதற்கும் அதுவே அத்தாட்சி.

நம் பக்கத்திலேயே கூவாகம் இருக்கிறது. 2019-ல் அது கள்ளக்குறிச்சி மாவட்டத்தோடு போய்விட்டாலும், சித்திரையில் திருநங்கையர் வந்து தங்குவது இன்னும் விழுப்புரத்தில்தான். அர்ச்சுனனுக்கு உலூபியிடம் பிறந்த அரவானுக்கு ஒரு ராத்திரி மனைவியாய்த் தாலி கட்டிக் கொண்டு, மறுநாள் அறுத்து, வெள்ளைச் சேலை கட்டி அழுகிறார்கள். அந்தத் தாலி கட்டிக் கொள்வதனால் ஊரில் அவர்களுக்கு வேண்டியவர்களோடு உள்ள உறவு போய்விடுவதுமில்லை. திருநங்கை ஒருத்தி இன்னொருத்தியைத் தாயாகவும் மகளாகவும் வரித்துக் கொண்டு ஒரு குடும்பமாக வாழ்கிறாள். அந்தப் பற்றுக்கு இரத்தமும் இல்லை, கலியாணமும் இல்லை. இவ்வளவு விதமான அன்பைத் தாமே உண்டாக்கிக் கொண்டவர்களுக்கு இந்தச் சமூகம் மனமுவந்து கொடுத்த மாப்பிள்ளை ஒரு மரத்தலை! உயிருள்ள மனிதனைத் திருநங்கை கலியாணம் செய்தாலும் அவள் மணமகள்தான் என்று மதுரையில் உயர்நீதிமன்றம் சொல்ல 2019 வரை ஆயிற்று.

கடைசியாக, ஏன் இவ்வளவு பயம்? ஒரு பெண் யாரை விரும்புகிறாள் என்பதில் ஊருக்கென்ன நஷ்டம்? 1916-ல் அம்பேத்கர் கொலம்பியாவில் படித்த கட்டுரையில் இதற்குப் பதில் இருக்கிறது. ஜாதி என்பது உள்ளுக்குள்ளேயே கலியாணம் செய்து கொள்வதில்தான் நிற்கிறது; அதற்காகத்தான் பெண்ணை எரித்தார்கள், விதவையாய் அடைத்தார்கள், பால்யத்தில் கட்டிக் கொடுத்தார்கள் என்று காட்டினார். பெண்ணின் மனம் வேலியைத் தாண்டினால் ஜாதி நிற்காது. ஆறாவது ஆள் எந்தத் தெருவில் இருப்பான் என்று சொல்ல முடியாதல்லவா? விழுப்புரத்துக்குப் பக்கத்தில் மேல்பாதியில், ஐந்து புருஷரை ஏற்றுக் கொண்ட அதே திரௌபதிக்குக் கோயில். அதற்குள் தாழ்த்தப்பட்டவர்கள் நுழையக் கூடாதென்று தகராறு செய்து, 2023 ஜூனில் சர்க்கார் கதவைப் பூட்டி முத்திரை வைக்கும்படியாயிற்று. பிறகு கோர்ட்டு உத்தரவின் பேரில் திறந்தார்கள். சாமிக்கு ஐவர் இருக்கலாம். பக்தனுக்கு வாசற்படி இல்லை! விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் 2003-ல் ஜாதி மாறிக் கலியாணம் செய்து கொண்ட ஒரு ஆணையும் பெண்ணையும் நஞ்சூட்டிக் கொன்றார்கள். அவர்கள் ஒருவனுக்கு ஒருத்தி என்று இருந்தவர்கள்தானே? கற்பு காப்பாற்றிற்றா? அந்த வழக்கில் உச்சநீதிமன்றம் தண்டனையை உறுதி செய்ய 2025 ஆயிற்று.

சீட்டு எழுதிய சகோதரி இங்கே வந்திருக்கிறாரா என்று நமக்குத் தெரியாது. வந்திருந்தால் நமது பதில் இது. நீங்கள் கெட்டவரல்ல. அந்த மனிதரிடம் உங்களுக்கிருப்பது பேச்சின்மேல், புத்தியின்மேல் உள்ள விருப்பம். கொஞ்சம் மையலும் கலந்திருக்கலாம். அது உங்கள் புருஷனிடம் உள்ள பற்றிலிருந்து திருடினது அல்ல. புருஷனிடம் சொல்லலாமா என்று கேட்டால், அவர் கேட்கக்கூடியவரா, கையை ஓங்கக்கூடியவரா என்பதை நீங்கள்தான் அறிவீர்கள். மேடையில் நின்று கொண்டு "உண்மையைச் சொல்லிவிடு" என்று தைரியம் சொல்வது எங்களுக்குச் சுலபம். அடி விழுவது உங்கள் முதுகில். உங்கள் சம்பளம் உங்கள் கையில் வருகிறதா என்பதை முதலில் பாருங்கள். சொல்ல முடிகிற வீடாயிருந்தால் சொல்லுங்கள். அவருக்கும் சொல்ல ஏதேனும் இருக்கக்கூடும். அதையும் நீங்கள் கேட்க வேண்டியிருக்கும்.

அன்று நாம் சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டுக் கொள்ளுகிறோம். இனி சீட்டுகளைக் கொடுக்கலாம். இன்று அந்த அம்மையார் படிப்பார். நாம் பதில் மாத்திரம் சொல்லுகிறோம்.